ஓரறிவுயிரும் அருளுடைமையும்

ஒன்றன்கண் உயிருண்டென்பதை அதன் உருவங்கொண்டு துணிதல் பொருந்துமோ என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

தாராபுரத்தை அடுத்த மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை மூட்டையாக ஏலம் போகும் பருத்தியை அவ்வூரார் எவரும் விலங்கென மயங்கார். பருத்தி விளையாத மேனாடுகளிலோ அம்மயக்கம் நெடுங்காலம் நிலவிற்று. இந்தியாவில் மரங்கள் கம்பளி தருகின்றன என யவன ஆசிரியர் எரோடோட்டசு கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எழுதினார். 14-ஆம் நூற்றாண்டில் மாண்டவில் பெயரால் வழங்கிய செலவுநூல், கீழ்நாட்டில் சுரைபோலுங் காயினுள் ஆட்டுக்குட்டி போல்வதொன்று இருப்பதாகக் கூறிற்று. பின்னர், அக்குட்டி கொப்பூழாற் காம்பொடு பிணிப்புண்டு, சுற்றிலுமுள்ள புல்லை மேய்ந்து, புல் தீர்ந்தவுடன் மாளும் எனக் கதை வளர்ந்தது. இக்கதைக்கு மூலம் பருத்தியே என்று 1887-இல் என்றி லீ என்பார் தனிநூல் எழுதினார்.

பஞ்சைக் கம்பளியாகக் கண்டது திரிவுக்காட்சி. அதனினும் பெரிய திரிபு, ஆட்டின் உருவை ஏற்றினாலன்றிச் செடியின்கண் உயிரைக் காணமாட்டாமை.

பருத்தி ஆடன்று, ஆயினும் தன்னைக் காத்துக்கொள்ளும். அதன் இலையிலும் காயிலுமுள்ள கரும்புள்ளிகளில் காசிபால் என்னும் நஞ்சுண்டு. இலையின் அடிப்புற நரம்பில் தேன் சுரந்து எறும்பை ஈர்க்கும். எறும்பு புழுவைத் தாக்கும். புழு இலையைக் கடிப்பின் ஒருவகை மணம் எழும். அம்மணம்பற்றி வருங் குளவி புழுவின் உடலுள் முட்டையிட்டு அதனை அழிக்கும்.

செடி இவற்றை எண்ணிச் செய்யுமோ எனின், அன்று. மாந்தர் கைப்புண் அவர் எண்ணியோ ஆறுகின்றது? எண்ணமின்றியும் உடம்பு உயிரைப் புரந்துநிற்றல், வினைக்கேற்பத் தனுகரணங்களை இறைவன் கூட்டிய முறைமையாம். தாவரமும் எழுவகைப் பிறப்பினுள் ஒன்று. புல்லையும் மரத்தையும் தொல்காப்பியர் ஓரறிவினவாக வகுத்தார். ஆண்டுறைவதும் ஆணவத்தாற் கட்டுண்ட உயிரே. கருவி குறைந்தமையின் அறிவின் விளக்கம் குறைந்தது.

அற்றேல், கீரை கொய்தலும் ஆட்டைக் கொல்லுதலும் ஒக்கும் எனின், ஒவ்வா. புலன்கள் மிகுந்தோறும் நுகருந் துன்பமும் மிகும். ஆகலின் ஐயறிவுயிரைக் கொன்றுண்டல் பெருங்கொடுமை. எனினும், புலாலுண்ணாதார் தம்மைப் பழி சிறிதும் அற்றவரெனச் செருக்குதற்கும் இடமில்லை. வேண்டுமளவே கொய்தலும், வீணே ஒரு தளிரையுங் கிள்ளாமையும், பறித்த மலரை இறைவற்கு ஆக்குதலும் அவர்க்குக் கடனாம்.

அக்கதையைக் கேட்பார் புல் தீர்ந்து மாளுங் குட்டிக்கு இரங்குவர். குட்டியை நீக்கிச் செடியை மட்டும் நிறுத்தின் அவ்விரக்கமும் உடன் நீங்கும். தன்னை ஒத்ததற்கு மட்டும் இரங்குதல் தன்மேற் கொண்ட பற்றின் பாற்படும். ஒவ்வாத உயிர்க்கும் இரங்குவதே அருள். வெடித்த காயினின்றும் பஞ்செடுத்து நெய்து உடுப்போர், தமக்கு ஆடை ஈந்த ஓரறிவுயிரையும் நினைத்தல் அவ்வருளுக்குத் தொடக்கமாம் என்க.