நெருப்பும் கூடவே இறங்குமா?

சங்கராபுரத்தில் எனக்கு ஒரு நண்பர். போன மாசி மாதம் போன் செய்தார். ‘‘ஞாயித்துக்கிழமை கல்வராயன் மலை. பெரியார் அருவி. நாட்டுக்கோழி. நீ வந்தா மட்டும் போதும்!’’

போனேன். முதல் நாள் ராத்திரி, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. தலைப்பு: மலையில் எந்த அடுப்பில் சமைப்பது?

ஒருவர், ‘‘மூணு கல்லு, காட்டு விறகு. அந்தப் புகை வாசம் கேஸ்ல வருமா?’’ என்றார். இன்னொருவர், ‘‘வீட்டு சிலிண்டரை வேன்ல தூக்கிப் போடு’’ என்றார். மூன்றாமவர், தலையிலேயே பர்னர் மாட்டிக்கொள்ளும் அஞ்சு கிலோ சிலிண்டர் கட்சி.

‘‘நீ பி.காம். ஆச்சே... கணக்குப் போட்டுச் சொல்லு’’ என்றார் நண்பர்.

போட்டேன். விறகு இலவசம். வீட்டு சிலிண்டர் ஏற்கெனவே இருக்கிறது. கிலோவுக்குப் பார்த்தால் அஞ்சு கிலோ சிலிண்டர்தான் விலை கூட. ஆக, விறகே ஜெயித்தது.

பக்கத்து பெஞ்சில் மலை பஸ்ஸுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னார்: ‘‘நீங்க தின்னுட்டு எறங்கிருவீங்க தம்பி. நெருப்பும் கூடவே எறங்குமா?’’

டீ தொண்டையிலேயே நின்றது.

காமர்ஸ் படித்தவனுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவது இரட்டைப் பதிவு. ஓரிடத்தில் பற்று என்றால் இன்னோரிடத்தில் வரவு இருந்தே தீரும். என் நோட்டில் ‘விறகு - 0 ரூபாய்’ என்று எழுதினால் அந்தச் செலவு மறைந்துவிடாது. வேறு யாரோ ஒருவருடைய நோட்டில் ஏறியிருக்கும். மாசி, பங்குனியில் காய்ந்த சருகில் ஒரு கங்கு விழுந்தால், அந்த நோட்டு மலையில் இருப்பவருடையது.

‘மலைக்காரங்க மட்டும் விறகு எரிக்கலையா?’ என்று கேட்கலாம். எரிக்கிறார்கள். ஆனால், அங்கே பற்றவைப்பவரும் பக்கத்திலேயே குடியிருப்பவரும் ஒரே ஆள். நாம் அப்படியா? காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம் என்று 1882-ம் வருஷத்து வனச் சட்டமே சொல்கிறது.

சரி, வீட்டு சிலிண்டர்? உள்ளே 14.2 கிலோ கேஸ். இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோ வரும். அது வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். சமையல் கேஸ் காற்றைவிட கனமானது. கசிந்தால் மேலே போகாது, மூடின வண்டியின் தரையில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

2023 ஆகஸ்ட் 26 ஞாபகமிருக்கிறதா? லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் ரயில் பெட்டி மதுரையில் நின்றிருந்தது. தடையை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டர். விடியற்காலையில் தீ. ஒன்பது பேர் செத்துப்போனார்கள். அந்தப் பெட்டியில் இருந்த எல்லோரையும் கேட்டுக்கொண்டா சிலிண்டரை ஏற்றியிருப்பார்கள்?

அப்போ அஞ்சு கிலோதான் புண்ணியவானா? மூன்றில் அதுதான் தேவலாம். அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். 2020-ல் இண்டேன் அதற்கு ‘சோட்டு’ என்று செல்லப்பெயரே வைத்தது. நிமிர்த்தி வைத்து, ஜன்னலைத் திறந்து கொண்டுபோய், சமதரையில், காற்று மறைவில், அனுமதி உள்ள இடத்தில் பற்றவைத்தால் வம்பில்லை. ஆனால், காட்டுக்குள் அதுவும் நெருப்புதான். சின்ன சிலிண்டர் என்பதற்காக சருகு அதற்குச் சலுகை தராது.

அமெரிக்காவில் ஃபுட்பால் மேட்சுக்கு முன்னால், பார்க்கிங்கில் கார் டிக்கியைத் திறந்துவைத்து புரொப்பேன் அடுப்பில் கறி வாட்டுவார்கள். அங்கேயும் இங்கேயும் அடுப்பு வாங்கும்போது கேட்பது ஒரே கேள்விதான்... எது லேசு, எது மலிவு, எது சீக்கிரம்? மூன்றும் ‘எனக்கு’ என்று ஆரம்பிக்கிற கேள்விகள். ‘தப்பு நடந்தால் யாருக்கு?’ என்ற நாலாவது கேள்வியை எந்தக் கடைக்காரரும் நமக்காகக் கேட்கமாட்டார். அதை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு காலை, நண்பர் வீட்டுக் கொல்லையிலேயே கோழி வெந்தது. தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, கோமுகி அணையைத் தாண்டி மலையேறினோம். சாப்பிடும்போது குழம்பு ஆறிப்போயிருந்தது. ‘‘புகை வாசம் இல்லியே...’’ என்று விறகுக் கட்சிக்காரர் கடைசிவரை முனகினார்.

வாஸ்தவம்தான். புகை வாசம் இல்லை. சாயங்காலம் இறங்கும்போது, பின்னால் புகைகிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.