கம்பம் யாருடையது?

தெருவிளக்குக் கம்பத்தில் ஒரு காகிதம் ஒட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்? கம்பம் தேய்ந்தா போய்விடும்? நம் வியாபாரிகள் சிலர் இப்படிக் கேட்கின்றனர். கேள்வி எளிது; பதில் அவ்வளவு எளிதன்று.

சட்டத்தில் ஐயமில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் கவுன்சில்கள் செய்யும் துணை விதிகளை மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. கடைப் பெயர்ப்பலகைக்கு நாம் லைசென்ஸ் பணம் கட்டுகிறோம். கம்பத்தில் ஒட்டுபவர் கட்டுவதில்லை. இந்தக் கணக்கு வியாபாரிக்கு விளங்காமலிராது.

இதனினும் பெரிய கணக்கு ஒன்றுண்டு. கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் போகிறவர்கள் கம்பங்களைச் சற்று நின்று பாருங்கள். "உடனடிக் கடன், ஜாமீன் வேண்டாம்" என்று ஒரு டெலிபோன் எண். 1951-ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி லைசென்ஸ் பெற்றவர், ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கலாகாது. கம்பத்து ஆலோங்குக்கு அந்த வரம்பெல்லாம் ஏது? அந்த எண்ணைக் குறித்துக்கொள்பவர் யார்? பள்ளி திறக்கும் மாதத்தில் கையில் காசில்லாத தோட்டத்துத் தகப்பன். பொது இடத்தில் நிற்பதைப் பார்க்கும்போது, யாரோ அனுமதித்துத்தான் வைத்திருப்பார்கள் என்று அவன் மனம் சொல்கிறது. கம்பம் நம் எல்லோருடையது; ஆகவே அந்தத் துண்டுக்கு நம் எல்லோருடைய சாட்சியும் கேட்காமலே எடுத்துக்கொள்ளப்படுகிறது. நஷ்டம் கம்பத்துக்கல்ல.

அப்படியானால் காணாமற்போன பிள்ளையின் படம்? மவுத்துச் செய்தி? விருந்து அறிவிப்பு? பிள்ளையைத் தேடும் தாயிடம் துணை விதி பேசுபவர் கல்நெஞ்சர் என்றே சொல்வோம். விருந்து அறிவிப்புக்கு அந்தச் சலுகை இல்லை. காரியம் நல்லது என்பதே அனுமதி ஆகாது. பள்ளிவாசல் காரியமென்றாலும் அப்படியே.

உண்மையில் குறை வேறிடத்தில் இருக்கிறது. நாட்டின் முதல் வணிகச் செம்பனை 1917-இல் நடப்பட்ட தென்னமரம் தோட்டம் நம் வட்டாரத்தது. தோட்ட ஆபீசில் ஒரு நோட்டீஸ் பலகை இருக்கும். கிராணியிடம் கேட்டு ஒட்டுவார்கள். தோட்டம் விட்டுத் தாமான்களுக்கு வந்தவர்களுக்கு அந்தப் பலகை இல்லை, கம்பம்தான் இருக்கிறது. கவுன்சில் துண்டுகளைக் கிழிக்கிறது, எண்களைத் துண்டிக்கவும் வழிசெய்கிறது. அத்துடன் கடைத்தெருதோறும் ஒரு பொதுப் பலகை வைக்கும்படி நம் சங்கம் கேட்க வேண்டும்.

அது வரும்வரை நம் கடைகளின் உட்சுவர் இருக்கிறது. கேட்டு வருபவரின் பெயரும் விலாசமும் வாங்கிக்கொண்டு ஒட்ட விடலாம். கடன் துண்டுக்கு மட்டும் இடமில்லை.