கொல்லனும் வேந்தனும் மாறும்போது

பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக வெளிநாட்டில் குடியேறலாமா என்பது பெங்களூரு பீன்யாவில் பல வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எழும் கேள்வி. 1970களில் தும்கூர் ரோட்டை ஒட்டி உருவான தொழிற்பேட்டை இது. லேத், சிஎன்சி, டை, ஸ்பிரிங், பவுடர் கோட்டிங், ஆயத்த ஆடை என்று சந்துக்குச் சந்து பட்டறைகள். பக்கத்து ஜாலஹள்ளியில் 1950களில் வந்த எச்எம்டி, பிஇஎல் பொதுத்துறை ஆலைகள் இந்த வட்டாரத்தில் கைத்திறனை விதைத்தன. அந்தக் கைத்திறனுக்கு இன்று கடல் தாண்டியும் கிராக்கி இருக்கிறது. ஜெர்மனி 2020 மார்ச்சில் திறன்மிகு தொழிலாளர் குடியேற்றச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. திறன்மிகு இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்றிருந்த விசாக்களை 90,000 ஆக்கப்போவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. கனடா, ஆஸ்திரேலியா பேச்சும் டீக்கடையில் அடிபடுகிறது.

கேட்கிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒருமுறை ஊரை விட்டு வந்தவர்கள். திருப்பத்தூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கங்களிலிருந்து அவர்களோ அவர்களுடைய அப்பாக்களோ பிழைக்க வந்தார்கள். அன்றும் சொல்லப்பட்ட காரணம் பிள்ளைகளின் படிப்புதான். அந்தப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்ந்தார்கள். கர்நாடகத்தின் 2015ஆம் ஆண்டுக் கன்னட மொழி கற்றல் சட்டப்படி பள்ளியில் கன்னடம் படித்தே ஆகவேண்டும். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகள் இங்கே அபூர்வமில்லை. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் கலவரம் வந்தபோது கடைப் பலகைகளிலிருந்த தமிழைத் துணி போட்டு மூடியவர்களும் உண்டு. 2016இல் பீன்யாவை ஒட்டிய ஹெக்கனஹள்ளியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போயிற்று. வெளிநாடு போனால் மொழி போய்விடும், சொந்தம் விட்டுப்போகும் என்று சொல்லப்படும் இழப்புகளில் பாதி ஓசூர் செக்போஸ்ட்டைத் தாண்டியபோதே நடந்து முடிந்தவை. அப்படி வந்தது தவறு என்று யாரும் சொல்வதுமில்லை.

ஆகவே மண்ணை விடலாமா கூடாதா என்ற பழைய வாதம் இங்கே எடுபடாது. இங்கே எதிர்காலமே இல்லை என்ற பேச்சும் அரைகுறைதான். 2014இல் மங்கள்யான் கலத்தைச் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் செலுத்தக் கட்டளைகள் போனது இதே பீன்யாவிலுள்ள இஸ்ரோவின் இஸ்ட்ராக் மையத்திலிருந்துதான். அந்த மையத்துக்குப் போகிற ரோட்டில் மழைக்காலத்தில் பைக் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு மறுபாதியும் தெரியும்.

பட்டறையில் ‘கோ – நோகோ’ கேஜ் என்று ஒன்று உண்டு. கட்டை விரல் தடிமனில் ஓர் எஃகு உருளை. இரண்டு முனையும் மெருகேறிப் பளபளக்கும், ஒரு முனையில் சிவப்பு அடையாளம். துளை போட்ட பாகத்தைக் கூலண்ட் எண்ணெய் சொட்டச் சொட்ட எடுத்துத் துடைத்து, முதல் முனையை நுழைத்துப் பார்ப்பார்கள். அது உள்ளே போக வேண்டும். சிவப்பு முனை போகக் கூடாது. போனால் ரிஜெக்ஷன். அளவு எத்தனை என்று படித்துப் பார்க்கத் தேவையில்லை, சரியா தப்பா என்று இரண்டே பதில். குடியேற்ற முகவரின் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் எதிர்பார்ப்பதும் இப்படியொரு கேஜைத்தான். கேஜ் வேலை செய்வதற்குக் காரணம், அதற்கு முன்பே ஒரு டிராயிங் இருப்பது. பிள்ளைக்கு டிராயிங் கிடையாது.

சிக்கல் இதைவிட ஆழமானது. எட்டு வயதில் ஸ்டுட்கார்ட்டுக்குப் போகும் பையன் முப்பது வயதில், நல்லவேளை வந்தோம் என்று சொல்லலாம். அப்படிச் சொல்கிறவன் அந்த ஊர் உருவாக்கிய ஆள். அதே பையன் பீன்யா பக்கத்துத் தாசரஹள்ளியில் வளர்ந்திருந்தால், நல்லவேளை போகவில்லை என்று சொல்லும் இன்னொருவன் உருவாகியிருக்கலாம். இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து விசாரிக்க வழியில்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் எல். ஏ. பால் 2014இல் வெளியிட்ட நூலில், முடிவெடுக்கிறவரையே மாற்றிவிடும் அனுபவங்களை முன்கூட்டி எடைபோட முடியாது என்று வாதிட்டார். அவர் பேசியது தமக்காக முடிவெடுப்பவர்களைப் பற்றி. பெற்றோர் விஷயத்தில் முடிவெடுப்பது ஒருவர், மாறிப்போவது இன்னொருவர். அறக்கேள்வி பிறப்பது இங்கேதான்.

பழைய சாத்திரங்கள் இந்த இடத்துக்கு வரவே இல்லை. பௌதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிழப்புக்குரிய குற்றங்களில் சேர்க்கிறது. அதே நூல் வடக்கத்தியாரின் வழக்கங்களில் கடல் பயணமும் ஒன்று என்று குறிப்பிடுவதால், தடையை மீறியவர்கள் அப்போதே இருந்தார்கள் என்று தெரிகிறது. மனு, கடலோடியைச் சிராத்தத்துக்கு அழைக்கக் கூடாதவர்களின் பட்டியலில் வைக்கிறார். கவலையெல்லாம் போகிறவரின் தூய்மை பற்றியது. 1914இல் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய ராமானுஜனைத் தாயார் முதலில் தடுத்தார். நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருள் கிடைத்ததாக நம்பிய பிறகே இசைந்தார் என்பது அவருடைய வரலாற்றில் வரும் செய்தி. நோயோடு திரும்பி 1920இல் 32 வயதில் இறந்தபோது, கடல் தாண்டி வந்து பரிகாரம் செய்யாதவர் என்று உறவினர் பலர் ஈமச்சடங்குக்கு வரவில்லை. இது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. வெளிநாடு போய்வந்த புத்திகே மடாதிபதி 2008இல் உடுப்பி கிருஷ்ணனைத் தொட்டுப் பூசிக்கலாமா என்று உடுப்பியின் மற்ற மடங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அதே கர்நாடகத்தில் ஐடி கம்பெனிகள் ஆட்களைச் சாரைசாரையாக அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

தமிழ் மரபு இதில் தாராளமானது. பொருள் தேடிப் பிரிவதைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்திருக்கிறது; ஆனால் கடல்வழிப் பயணம் பெண்ணோடு கூடியதன்று என்று சொல்லிவிடுகிறது. கொன்றை வேந்தன் கடல் கடந்தும் பொருள் தேடச் சொல்கிறது. இரண்டிலும் போகிறவன் திரும்பி வருகிறவன். குடும்பத்தோடு போய் அங்கேயே பிள்ளைகளை வளர்ப்பது என்ற காட்சி அந்த நூல்களில் இல்லை. விவிலியத்தின் ஆபிரகாம் இன்றைய பீன்யாத் தகப்பனுக்குக் கொஞ்சம் நெருக்கமானவர். சந்ததிக்குத் தேசம் உண்டு என்ற வாக்கை நம்பிச் சொந்த ஊரை விட்டார். கடைசியில் அந்தத் தேசத்தில் அவர் 400 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கியது மனைவியைப் புதைக்க ஒரு நிலம் மட்டுமே.

பெற்றவர் முடிவுக்குப் பிள்ளை எழுதிய தீர்ப்பு என்று ஒன்றைக் காட்ட வேண்டுமானால் காந்தியின் வீட்டைக் காட்டலாம். 1888இல், சாதிக்காரர்கள் விலக்கிவைத்த பிறகும், கைக்குழந்தை ஹரிலாலையும் மனைவியையும் ஊரில் விட்டுவிட்டு லண்டனுக்குக் கப்பலேறியவர் அவர். பின்னாளில் தென்னாப்பிரிக்காவில், பிள்ளைகளுக்குப் பள்ளிப்படிப்பைவிடச் சேவையும் குணமும் முக்கியம் என்று முடிவு செய்தார். அப்பாவைப் போல் இங்கிலாந்து போய் பாரிஸ்டராக வேண்டும் என்று ஹரிலால் ஆசைப்பட்டார். உதவித்தொகைக்கு வாய்ப்பு வந்தபோது காந்தி மகனை அனுப்பவில்லை, வேறொருவரை அனுப்பினார். 1911இல் ஹரிலால் அப்பாவை விட்டுப் பிரிந்தார். பிறகு நிலைகுலைந்த வாழ்க்கை, 1948இல் மரணம். தம் முடிவு தவறென்று காந்தி ஒப்புக்கொண்டதாகச் சொல்ல முடியாது. உயர்ந்த கொள்கைக்காகப் பிள்ளையைப் போகவிடாமல் வைத்ததும், வசதிக்காகப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போவதும் பிள்ளையின் கண்ணில் ஒன்றாகவே தெரியலாம். இரண்டிலும் பிள்ளையைக் கேட்டவர் இல்லை.

இந்த இடத்தில் புறநானூற்றின் 312ஆம் பாட்டு உதவுகிறது. பொன்முடியார் பாடியது, பள்ளியில் மனப்பாடம் செய்யவைத்து, பிறகு யாரும் யோசிக்காமல் விட்ட பாட்டு. பிள்ளையை ஆளாக்கும் கடமையை அது ஒருவர் தலையில் வைப்பதில்லை. பெற்று வளர்ப்பது தாயின் பங்கு, சான்றோனாக்குவது தந்தையின் பங்கு, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் பங்கு, நல்லொழுக்கம் தருவது வேந்தனின் பங்கு, களத்தில் இறங்குவது பிள்ளையின் பங்கு. வேந்தன் தருவதைத் ‘தண்ணடை’ என்று கொள்ளும் பாடமும் உண்டு; அதன்படி அவன் தருவது நிலம். பீன்யாவில் இருந்துகொண்டு படித்தால், கொல்லனுக்கு அந்தப் பாட்டில் இடம் கிடைத்தது பெரிய விஷயமாகத் தெரிகிறது. கருவியும் தொழிலும் கொடுக்கிறவனும் வளர்ப்பில் பங்காளி.

குடியேற்றத்தில் தாயும் தந்தையும் மாறுவதில்லை. கொல்லனும் வேந்தனும் மாறுகிறார்கள். ஒப்பிட முடிகிறதும் அவர்களைத்தான். பிள்ளையின் எதிர்காலத்தை அளக்க முடியாவிட்டாலும், இன்னொரு நாடு என்ன தருகிறது, பதிலுக்கு என்ன கேட்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். ஜெர்மனியின் கொல்லன் நல்லவன்: பாதி வகுப்பறை, பாதி தொழிற்சாலை என்ற அங்கத்திய பயிற்சி முறை உலகப் புகழ் பெற்றது. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், சுமார் பத்து வயதில், பிள்ளை எந்த வகைப் பள்ளிக்கு என்று பிரித்துவிடுகிறார்கள். மொழி படியாத வயதில் போய் இறங்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு மூன்று வருடம் விலைமதிப்பற்றது. சிங்கப்பூரில் தமிழும் ஓர் ஆட்சிமொழி. ஆனால் பெற்றோரோடு சேர்ந்து நிரந்தரவாசியாகிவிட்ட மகன் அங்கே இரண்டு வருடம் ராணுவ சேவை செய்ய வேண்டும். பொன்முடியாரின் வேந்தன் அங்கே அச்சு அசலாக நிற்கிறான். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் போனவர்கள் கூட்டிப்போன பிள்ளை 21 வயதில் பெற்றோரின் விசா நிழலிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. கிரீன் கார்டு வரிசை நகராவிட்டால் வேறு விசா தேட வேண்டும், இல்லையென்றால் வளர்ந்த நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வளைகுடாவில் பிறந்து வளர்ந்தாலும் அந்த நாடு சொந்தமாவதில்லை. சம்பளத்தையும் பள்ளிக் கட்டிடத்தையும் கேட்டு விசாரிக்கிறவர்கள் இதையெல்லாம் கேட்பது குறைவு.

பழைய வேந்தனிடம் திரும்ப முடியுமா என்பதும் கேட்க வேண்டியது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, பெற்றோர் அறிவிப்புக் கொடுத்து இந்தியக் குடியுரிமையைத் துறந்தால் மைனர் பிள்ளையின் குடியுரிமையும் சேர்ந்து போகும். பிள்ளை வயதுக்கு வந்து ஒரு வருடத்துக்குள் அதைத் திரும்பக் கேட்கலாம். பெற்றவர் முடிவைப் பிள்ளை மறுபரிசீலனை செய்ய அந்த ஒரு வருடத்தைச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் சிங்கப்பூரில் பிறந்த ஓர் இளைஞரின் வழக்கில், அவர் தாயின் வயிற்றில் இருந்தபோது பெற்றோர் இந்தியக் குடிமக்கள்தானே என்று சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வேறு நாட்டுக் குடியுரிமையை வாங்கியதால் தானாகவே இந்தியக் குடியுரிமை முடிந்துபோனவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வழி கிடையாது என்பது அதன் முடிவு. ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வாங்கலாம். அதை வைத்து ஓட்டுப் போடவோ விவசாய நிலம் வாங்கவோ முடியாது.

தந்தையின் பங்கு மட்டும் எந்த நாட்டிலும் அப்படியே இருக்கிறது. மகனைக் கற்றவர் அவையில் முந்தியிருக்கச் செய்வதே தந்தை செய்யும் நன்றி என்கிறார் வள்ளுவர். இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு வந்து தூங்கும் தகப்பனுக்கு அதற்கு நேரமில்லை என்பது பீன்யாவிலும் உண்மை, டொராண்டோவிலும் உண்மை. பித்ருகடன் என்று ஒன்றையும் மரபு சொல்கிறது. பிள்ளைக்காகப் போகிற மகன் தானும் ஒருவருக்குப் பிள்ளை. திருப்பத்தூர் வீட்டில் சர்க்கரை மாத்திரையை எண்ணிப் போட்டுக்கொள்ளும் அம்மாவுக்கு வீடியோ கால் எந்த அளவுக்குப் போதும் என்று அந்தந்த வீடுதான் சொல்ல முடியும்.

பிள்ளைக்காக என்ற காரணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல சம்பளம், மாமியார் தொல்லையில்லாத வீடு, வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் படங்களைப் பார்த்து வரும் ஏக்கம் என்று போகிறவர்களுக்குச் சொந்தக் காரணங்கள் நிறைய இருக்கும், அவை எல்லாம் நியாயமானவையே. அவற்றை மறைத்து, உனக்காகத்தான் வந்தோம் என்று சொல்லும்போது பிள்ளை திருப்பிக் கொடுக்க முடியாத கடனாளியாகிறது. பதினாறு வயதில் அந்தப் பிள்ளை சரியாகப் படிக்காவிட்டால் வட்டியோடு கேட்கப்படும் கடன் அது. எனக்கும் ஆசை, வந்தேன் என்று சொல்லிவிடும் அப்பா பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுக்கிறார்.

பிள்ளையைப் பாதிக்கும் முடிவுகளில் அதன் கருத்துக்கு வயதுக்கேற்ற மதிப்புத் தர வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 12ஆம் பிரிவில் சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. பொன்முடியாரின் பட்டியலிலும் ஐந்தாவது பெயர் பிள்ளையுடையது. ஆனால் பல வீடுகளில் அதற்கு விஷயம் தெரிவது, விசாவுக்குப் போட்டோ எடுக்க இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போகும் சாயங்காலத்தில்தான்.