அக்காவின் கையெழுத்து

முப்பதைத் தாண்டிய இரண்டு ஐடிக்காரர்கள் சந்தித்தால் பத்தாவது நிமிடத்தில் பேச்சு வீட்டுக் கடனில் வந்து நிற்கும். எந்த வங்கியில் எத்தனை சதவீதம், தாம்பரம் பக்கம் வாங்கலாமா, ஓஎம்ஆர் பக்கம் போகலாமா, வாடகை கொடுத்துக்கொண்டே இருப்பது புத்திசாலித்தனமா என்று எல்லாம் பேசுவோம். ஒன்றை மட்டும் பேச மாட்டோம். வங்கி தராத அந்த 20 சதவீதம் எங்கிருந்து வந்தது?

ரிசர்வ் வங்கியின் விதி எளிமையானது. 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75. ஆக 60 லட்ச ரூபாய் அபார்ட்மென்ட்டுக்கு 48 லட்சம்தான் கிடைக்கும். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு இஎம்ஐ சுமார் 41,650 ரூபாய். இதைச் சம்பளம் பார்த்துக்கொள்ளும். மீதி 12 லட்சத்தையும் பத்திரச் செலவையும் கையிலிருந்து வைக்க வேண்டும். வாடகையும் வீட்டுக்கு அனுப்புவதும் போக அதைச் சேர்க்க வருடங்கள் ஆகும். அதனால் ஊரைப் பார்க்கிறோம். ஊரில் அநேகமாக ஒரு நிலம் இருக்கும்.

எனக்கும் இருக்கிறது. கீழப்பாவூரில் குளத்துப் பாசனத்தில் 40 சென்ட் வயல், பூர்வீகச் சொத்து. அப்பா இப்போது இல்லை. விற்றால் 18 லட்சம் வரும் என்கிறார்கள். "மொதல்ல அக்காகிட்ட ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிரு" என்று சொல்லாத ஆள் இல்லை. போனில் அக்காவிடம் பேச்செடுத்தபோது நான் முடிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "எங்கலே வந்து கையெழுத்துப் போடணும்? நாளக் குறிச்சுட்டுச் சொல்லு, பஸ் ஏறிருதேன்."

அந்தக் கையெழுத்தை வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

சட்டத்தில் குழப்பம் இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது இங்கே சட்டமாக 60 வருடம் ஆனது. 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. அந்த உரிமை பிறப்பாலேயே வருவது என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்பா, அக்கா, நான் என்று மூன்று பங்கு. அப்பாவின் பங்கு அம்மாவுக்கும் எங்கள் இருவருக்குமாக மூன்றாகப் பிரியும். 9-இல் 4 அக்காவுக்கு, 4 எனக்கு, 1 அம்மாவுக்கு. 18 லட்சத்தில் அக்காவுடையது 8 லட்சம்.

2005-க்கு முன்பு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பத்தார் குடியிருக்கிற வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஆண் வாரிசுகள் பிரிக்கத் தீர்மானிக்கும்வரை அவள் பிரிக்கக் கேட்க முடியாது. அங்கே வந்து தங்கலாம், அதுவும் கல்யாணம் ஆகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்தவளாகவோ, விதவையாகவோ இருந்தால். பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. அதன் மனசு நம் வீடுகளில் அப்படியேதான் இருக்கிறது.

"அவளே சந்தோஷமா கொடுக்கா, உனக்கு என்ன?" என்பார்கள். கொடுப்பதற்குப் பெயர் கொடை என்றால் மறுக்கவும் வழி இருக்க வேண்டும். பங்கு கேட்ட அக்காமார்களை ஊர் எப்படிப் பேசும் என்று எல்லாருக்கும் தெரியும். கொடைக்கு, பொங்கலுக்குப் பிறந்த வீட்டுப் படியேற முடியாது. பினா அகர்வால் 1994-இல் வெளியான தன் நூலில் இதைத்தான் எழுதினார்: நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் சகோதரன் வீட்டுக் கதவு திறக்க வேண்டும் என்பதற்காகப் பெண்கள் நிலத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். அப்படியானால் விடுதலைப் பத்திரம் ஒருவகை இன்ஷூரன்ஸ் பிரீமியம். பாலிசி ஆவணம் மட்டும் கிடையாது.

அந்தக் கதவு எவ்வளவு முக்கியம் என்பதற்கும் கணக்கு உண்டு. அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஆய்வில், நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். நிலமும் வீடும் தங்கள் பெயரில் உள்ளவர்களில் அது 7 சதவீதம்.

அடுத்த வாதம்: "நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு." வரதட்சிணை 1961 முதல் குற்றம். ஒரு குற்றத்துக்கு ஆன செலவை ஒருத்தியின் உரிமையிலிருந்து கழிப்பது என்ன நியாயம்? அப்படிக் கழிப்பதென்றால் எனக்கும் கழிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்து அக்கா பீடி சுற்ற உட்கார்ந்தாள். அந்தக் கூலியில் ஒரு பகுதி என் இன்ஜினியரிங் ஃபீஸுக்குப் போனது. என் படிப்பை யாரும் என் பங்கில் கழிக்கச் சொல்லவில்லை. அவள் நகை மட்டும் எல்லார் கணக்கிலும் இருக்கிறது.

தொழில் புத்தியில் எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். அந்த 8 லட்சத்தையும் வங்கியே தந்தால் 20 ஆண்டுகளுக்கு மாதம் சுமார் 6,940 ரூபாய், மொத்தம் 16 லட்சத்து 66 ஆயிரம். ஒரு கையெழுத்தின் விலை அது. அதை வாங்கிக்கொண்டு, கிரகப்பிரவேசத்தில் "தம்பி சொந்த உழைப்புல வாங்கியிருக்கான்" என்று யாராவது சொல்லும்போது சும்மா நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே வயலை விற்றால் மூன்று பேரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவோம், அவரவர் பங்கு அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகும் என்று முடிவு செய்தேன். எனக்கு வீடு மூன்று வருடம் தள்ளிப் போகும், அல்லது சிறியதாகும்.

இது நல்ல காரியம் என்பதால் எளிதாக இருக்கும் என்றில்லை. அக்காவிடம் சொன்னபோது அவள் குரல் மாறிவிட்டது. "என்னலே, கணக்குத் தீத்து விடப் பாக்கியா?" அவள் பயத்தில் நியாயம் உண்டு. தமிழில் சொந்தம் என்றால் உடைமை, சொந்தம் என்றால் உறவு. முதலாவதைப் பிரித்தால் இரண்டாவது அறுந்துவிடும் என்றுதான் அவளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நான் பங்கு வாங்குவதால் எந்த உறவும் அறுவதாக யாரும் நினைப்பதில்லை. ஒருத்தி இழந்தால்தான் நிற்கும் உறவு என்றால், அதன் செலவு முழுவதும் அவள் தலையில் இருக்கிறது என்றுதானே பொருள்?

கணக்கைத் தீர்க்க நான் பணம் தரவில்லை. கணக்கு தீர்ந்த பிறகும் அவள் வரலாம், சண்டை போடலாம், என் வீட்டில் பத்து நாள் இருக்கலாம். கைமாறாக எதுவும் கொடுக்காமல் வரலாம் என்பதுதான் வித்தியாசம். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, நடந்து காட்டத்தான் வேண்டும்.

வங்கிக் கணக்கு எண்ணை அவள் இன்னும் அனுப்பவில்லை. போன வாரம் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் கேட்டாள்: "எட்டு லட்சத்துக்கு ஆலங்குளத்துப் பக்கம் எத்தன சென்ட் வரும்லே?"