காந்தம் கண்ட இரும்பு



சைவ சித்தாந்த சாத்திரங்களுள் தலையாயது சிவஞானபோதம். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்ட தேவர் அருளிய அந்நூலில் 12 சூத்திரங்கள் உள்ளன. ஐந்தாம் சூத்திரத்தில் அவர் காட்டும் உவமை, காந்தமும் இரும்பும். கண்ணும் காதும் உயிர் உடனிருப்பதால் தொழிற்படுகின்றன. உயிரோ இறைவனின் அருளால் அறிகின்றது. காந்தத்தின் முன் இரும்பு அசைவதைப் போல என்பது கருத்து.

இதனை விளங்கிக்கொள்ள நம் ஊவா மலைநாட்டு மக்கள் தூரப் போகவேண்டியதில்லை. தேயிலை ஸ்டோரில் அரைபட்டுச் சலித்த தூளைக் காந்தத்தின் அருகே செல்லவிடுவார்கள். இயந்திரம் தேய்ந்து உதிர்ந்த இரும்புத் துகளும், தவறி விழுந்த ஆணியும் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தேயிலை தன் வழியே போய்விடும்.

வீட்டிலும் பார்க்கலாம். ஊசி, ஆணி, கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி எல்லாம் காந்தத்தோடு ஒட்டும். பித்தளைக் குத்துவிளக்கு ஒட்டாது. தங்கத் தாலியும் ஒட்டாது. காந்தம் விலையைப் பார்ப்பதில்லை. மேற்பூச்சையும் பார்ப்பதில்லை. 2005இல் வெளிவந்த ஐந்து ரூபாய் நாணயம் பார்வைக்குப் பித்தளை. ஆனால் உள்ளே உருக்கு இருப்பதால் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும்.

இரும்பு மட்டும் ஏன் இப்படி ஓடி வருகிறது? அதனுள்ளே கண்ணுக்குப் புலப்படாத சிறுசிறு பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அவை திசைக்கொன்றாக நிற்பதால் ஒன்றின் வலுவை மற்றொன்று அழித்துவிடுகிறது. காந்தம் நெருங்கியதும் அவை ஒரு திசைக்குத் திரும்புகின்றன. திசைக்கொன்றாக அலையும் நம் மனமும் இறைவன் சந்நிதியில் அவ்வாறே ஒருமுகப்படுகிறது.

இன்னும் ஒன்று உண்டு. காந்தத்தில் ஒட்டிய ஆணியின் நுனியில் வேறோர் ஆணியை வைத்தால் அதுவும் தொங்கும். அதன்கீழ் மற்றொன்றும் தொங்கும். மேல் ஆணியைக் காந்தத்திலிருந்து பிரித்துவிட்டால் கீழே உள்ளவை உதிர்ந்துவிடும். மேல் ஆணியின் சக்தி அதன் சொந்தச் சக்தியன்று, இரவல்.

குடும்பத் தலைவரும், ஆலயப் பொறுப்பாளரும், தோட்டத் தலைவரும் அந்த மேல் ஆணியைப் போன்றவர்கள். சம்பள நாளில் தகப்பன் கசிப்புக் குடித்துவிட்டு லயத்துக்கு வந்தால், விழுபவன் அவன் ஒருவன் மட்டுமல்லன். அவனைப் பற்றித் தொங்கும் மனைவியும் மக்களும் சேர்ந்தே விழுகிறார்கள். மறுநாள் அவன் நெற்றி நிறையத் திருநீறு பூசித் தேர்வடம் பிடித்தாலும், முந்தைய இரவை அவன் பிள்ளை மறக்குமா?

விழுந்தவர் மனம் தளர வேண்டியதில்லை. துருப்பிடித்துக் கிடக்கும் ஆணியையும் காந்தம் ஒதுக்குவதில்லை. உள்ளே இரும்பு மிச்சமிருந்தால் போதும். ஆனால் விலகிப் போகப் போகக் காந்தத்தின் இழுப்பு வெகுவேகமாகக் குறையும். நெருங்க நெருங்கக் கூடும். ஆகவே ஓரடியேனும் நெருங்கி வாருங்கள். இந்தத் திருவிழாவிலேயே அதைத் தொடங்குங்கள். உங்களைப் பற்றி நிற்பவர்களும் உங்களோடு வந்து சேர்வார்கள்.

திருச்சிற்றம்பலம்.