சுமையை வகுக்கும் அறம்

நன்மையைப் பகிர்ந்துகொள்வது எளிது. அந்நன்மைக்குரிய விலையைப் பகிர்ந்துகொள்வதே அரிது. ஒரு சமுதாயத்தின் அறவுணர்வு இரண்டாவதில்தான் சோதிக்கப்படுகிறது.

கிள்ளானில் நான் பணியாற்றிய பள்ளியொன்றில், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நிலக்கரிப் புகையின் தீமையை விளக்கிக்கொண்டிருந்தேன். எஃகு ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து, “உலையை மூடிவிட்டால் அப்பா எங்கே வேலைக்குப் போவார், ஐயா?” என்று வினவினான். பாடநூலில் அதற்கு விடை இல்லை.

வினா வெறுங்கற்பனையன்று. 2023இல் நம் அரசாங்கம் தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தை வெளியிட்டது. நிலக்கரி மின்நிலையங்கள் 2044க்குள் படிப்படியாக மூடப்படும் என்று 2024இல் அறிவித்தது. கிள்ளானை அடுத்த காப்பார் மின்நிலையமும் நிலக்கரியை எரிப்பதே. அவ்வாண்டு அக்டோபரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026க்குள் கரிம வரி வரும் என்றது.

எஃகுத் தொழிலின் இடர்ப்பாடு தனித்தன்மை உடையது. அங்கே நிலக்கரி வெப்பம் தருவதோடு நிற்பதில்லை. தாதுவிலிருந்து இரும்பைப் பிரித்தெடுக்கும் வேலையையும் செய்கிறது. ஊதுலை வழியில் ஒரு டன் எஃகு உருவாக ஏறத்தாழ இரண்டு டன் கரியமிலவாயு வெளியேறுகிறது. பழைய இரும்பை மின்னுலையில் உருக்கினால் இது பெரிதும் குறையும். ஆயினும் மின்கட்டணம் ஏறினால் அவ்வுலையும் தள்ளாடும்.

இத்தகைய மாற்றம் நமக்குப் புதிதன்று. ரவாங்குக்கு அருகிலுள்ள பத்து ஆராங்கில் 1915இல் நிலக்கரிச் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த நம்மவர் பணியாற்றிய புகைவண்டிகளுக்கும், மின்நிலையத்துக்கும், ஈயச் சுரங்கங்களுக்கும் அதுவே உணவாயிற்று. பின்னர் எண்ணெய் வந்தது. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. நாடு பயன்பெற்றது, வேலையிழந்தோர் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். இரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, வேலையோடு லயத்து வீட்டையும் இழந்த நம் குடும்பங்களின் கதையும் இதுதானே! வளர்ச்சி அனைவருக்கும் உரியதாயிற்று; அதன் விலை சிலருடையதாயிற்று.

அப்படியாயின் மாற்றமே வேண்டாமா? அவ்வாறு கூறுவதற்கில்லை. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா மக்கள் கூரைமேல் நின்று உதவிக்குக் காத்திருந்ததை நாம் மறக்கலாகாது. வெப்பமேறும் உலகில் பெருமழை இன்னும் கடுமையாகும் என்கின்றனர் அறிவியலார். செயலற்றிருப்பதன் விலையையும் தாழ்நிலத்தில் வாழும் எளியவர்களே முதலில் செலுத்துகின்றனர். தொழிலாளியின் துயரைக் கேடயமாக்கித் தன் கடமையைத் தள்ளிப்போடும் ஆலை முதலாளியின் வாதமும் அறமாகாது.

நல்லரசின் இயல்பைக் கூறவந்த வள்ளுவர், பொருளை உண்டாக்குதல், சேர்த்தல், காத்தல் ஆகியவற்றோடு நிறுத்தினாரல்லர். வகுத்தலையும் சேர்த்தே சொன்னார். பொருளை வகுப்பதுபோல் சுமையையும் வகுத்தல் வேண்டும் என்பதே என் கருத்து. கரிம வரியின் வருவாய் பசுமைத் தொழில்நுட்ப ஆய்வுகளுக்குச் செல்லும் என்று சொல்லப்பட்டது. அது வேண்டியதே. ஆனால் அதில் ஒரு பங்கு, உலை அணைவதற்கு முன்பே, அவ்வுலையருகில் நிற்பவனின் மறுபயிற்சிக்கும் இடைக்கால ஊதியத்துக்கும் ஒதுக்கப்படுதல் வேண்டும். மூடிய பின் தரப்படுவது இரக்கம். மூடுமுன் உறுதிசெய்யப்படுவதே உரிமை. தூய காற்றைச் சுவைக்கப்போகும் நாமும், மின்கட்டணத்திலோ பொருள்விலையிலோ நம் பங்கைத் தரத் தயங்கலாகாது.

அந்த மாணவனுக்கு அன்று நான், “நாளை சொல்கிறேன்” என்றேன். அவன் தந்தையின் வாழ்வுக்கு வழி செய்துவிட்டே உலையை மூடவேண்டும் என்பதே என் விடை. அதை மெய்யாக்குவது ஓர் ஆசிரியனால் மட்டும் ஆகக்கூடியதன்று; நாம் அனைவரும் சேர்ந்து கொடுக்கவேண்டிய விடை அது.