கரைக்குப் பெயர் வைக்க யாரைக் கேட்க வேண்டும்?

போர்ட் பிளேர் இனி ஸ்ரீ விஜயபுரம் என்று 2024 செப்டம்பர் 13 அன்று ஒன்றிய அரசு அறிவித்தது. அந்தமான் ஒரு காலத்தில் சோழர் கடற்படையின் தளமாக இருந்தது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கேட்டதும் தமிழருக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் காலங்காலமாக அங்கே வாழ்கிறவர்களைக் கேட்காமல் வைத்த பெயர், யார் வைத்தாலும் அறமாகாது.

பழைய பெயருக்குரியவர் ஆர்ச்சிபால்ட் பிளேர், பம்பாய் மரைன் படையின் லெப்டினன்ட். 1788 டிசம்பரில் அந்தமானுக்குப் புறப்பட்டு, கரையோரமாகக் கப்பலைச் செலுத்தி, ஆழம் பார்த்து வரைபடம் தீட்டினார். 1789-இல் குடியேற்றம் அமைத்து அதற்குக் கார்ன்வாலிஸ் பெயரை வைத்தார். தன் பெயரை வைத்துக்கொள்ளவில்லை, அது பிற்பாடு வந்தது. அறியப்படாத கரையை அளந்தவர் என்று அவரைப் புகழ்வார்கள். யாருக்கு அறியப்படாத கரை? எந்த ஓடையில் நண்டு கிடைக்கும், எந்தக் காற்றுக்கு எங்கே ஒதுங்கலாம் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியாதா? நோய் தாங்காமல் 1796-இல் கிழக்கிந்தியக் கும்பினி வெளியேறியது. 1858-இல் கைதிகளோடு திரும்பி வந்தது. மறுஆண்டே வில்லும் துப்பாக்கியும் மோதின. சில ஆயிரம் பேராக இருந்த பெரிய அந்தமானியர், 2011 கணக்கெடுப்பில் 44 பேர்.

பிறர் பொருளைக் கவர நினைப்பதே குற்றம் என்று வெஃகாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார் வள்ளுவர். ஒருவன் பிறந்த மண்ணின் பெயர் அவன் பொருளில்லையா? நடுவுநிலைமைக்கு அவர் காட்டிய துலாக்கோல் சோழனுக்கு ஒரு பக்கம், வெள்ளைக்காரனுக்கு ஒரு பக்கம் சாயுமா? திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல், ஆநிரை கவரும் ஆகோள் பூசலில் இறந்தவனின் பெயரைத் தமிழி எழுத்தில் தாங்கி நிற்கிறது. செத்தவன் பெயரையும் காத்த மரபு, வாழ்கிறவன் ஊர்ப் பெயரை அழிக்கலாமா? தஞ்சைக் கல்வெட்டில் ராஜேந்திரன் வென்ற நாடுகளின் வரிசையில் ஸ்ரீவிஜயமும் உண்டு, இன்றைய நிக்கோபாராகிய மாநக்கவாரமும் உண்டு. நக்கவாரத்தார் தம் பக்கத்தைச் சொல்ல ஒரு கல்லும் இல்லை. தோற்ற நாட்டின் பெயரை வென்றவனின் புகழுக்காகச் சூட்டுவது தனி வேடிக்கை.

அடிமைக்காலச் சின்னம் போகட்டும் என்பதில் நியாயம் உண்டு. செல்லுலார் சிறையை அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள். பிளேரின் வரைபடம் கப்பல்களுக்கு உதவியதும் மெய்யே. இருக்கட்டும்.

திண்டுக்கல்லுக்கு இது அயல்வீட்டுக் கதை அல்ல. பிளேர் அந்தமானை அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1790-இல், மலைக்கோட்டை கும்பினியின் கைக்குப் போனது. 1801-இல், அந்தக் கும்பினியை எதிர்த்த விருப்பாச்சி கோபால் நாயக்கர் இந்த ஊரில் ஒரு குளக்கரையில் தூக்கிலிடப்பட்டார். அந்தக் குளக்கரையை ஊரார் இன்றும் கோபால சமுத்திரம் என்கிறார்கள். கடலில்லாத ஊரில் ஒரு சமுத்திரம். எந்த அரசிதழும் அறிவிக்காத பெயர்.

அந்தமானில் 2023 ஜனவரி 23 அன்று 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்றவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அந்த வீரர்கள் வணக்கத்துக்குரியவர்கள். அதுவரை அரசுக் குறிப்பில் அவை பெயரில்லாத தீவுகள்.